சிவப்பை விலைக்கு வாங்க முடியுமா?

ஐப்பசி பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடும். கையகலத் தொட்டி. அதில் இரண்டு சாண் உயரத்தில் ஒரு மேப்பிள் போன்சாய். மரம் முழுக்கக் குங்குமச் சிவப்பில் இலைகள். கீழே ‘உங்கள் வீட்டு பால்கனியிலும்’ என்று ஒரு வரி, அதற்கும் கீழே விலை. இந்த ஆண்டு மட்டும் நான்கு பேர் இதை எனக்கு அனுப்பி, “சார், நீங்க உயிரியல் நடத்தினவர் ஆச்சே, வாங்கலாமா?” என்று கேட்டுவிட்டார்கள். நால்வருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் பதில்: வேண்டாம். பணம் வீணாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்தச் சிவப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அது ஒரு குளிரும் ஒரு கோடைக்கால உழைப்பும் சேர்ந்து தருவது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சிவப்பு வராது. இதை யாரும் சொல்லாமல் விற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் சிவப்பை அதன் சொந்த ஊரிலேயே பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. மகளும் மாப்பிள்ளையும் தோக்கியோவில் இருந்தபோது நாங்கள் இரண்டு மாதம் போய் இருந்தோம். நவம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் மகள் என்னை ஒமியாவுக்கு அழைத்துப் போனாள். தோக்கியோவுக்கு வடக்கே, ரயிலில் எளிதாகப் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம். அங்கே போன்சாய் கிராமம் என்றே ஒரு பகுதி இருக்கிறது.

1923ஆம் ஆண்டு பெரிய நிலநடுக்கம் தோக்கியோவைப் புரட்டிப் போட்டது அல்லவா? அதன் பிறகு, அங்கே போன்சாய் வளர்த்துவந்த தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் விசாலமான இடமும் தேடி இங்கே வந்தார்கள். 1925இல் கிராமம் உருவானது. குடியேறியவர்கள் தங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். குறைந்தது பத்து போன்சாய் மரமாவது வைத்திருக்க வேண்டும். வாசலைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். மதிலுக்குப் பதில் உயிர்வேலி. வீட்டுக்கு மாடி கூடாது. மாடி கட்டினால் பக்கத்துத் தோட்டத்துக்கு வெயில் மறைந்துவிடுமே! இன்று அங்கே எஞ்சியிருக்கும் போன்சாய்த் தோட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2010இல் போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அருகில் திறந்திருக்கிறார்கள்.

நான் போன அன்று மரங்கள் உச்ச நிறத்தில் இருந்தன. மூன்று முனை இலை கொண்ட மேப்பிளைக் கயெதே என்கிறார்கள். அது ஆரஞ்சும் சிவப்புமாக நின்றது. விரல்கள் விரிந்தது போன்ற இலை உடையது மோமிஜி. அது ஒரே சிவப்பு. கிங்கோ மரம் மஞ்சள் கொட்டி வைத்தது போல. எல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லாதவை. ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் காட்டுக்குள் நிற்கும் பெரிய மரம் என்றே கண் நம்புகிறது.

தோட்டத்தை நடத்தும் முதியவரிடம் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி, நிறம் நன்றாக வருவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் எதுவும் விளக்கவில்லை. ஒரு இலையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, அதன் ஓரத்தைக் காட்டினார். ஓரம் துளிகூடக் கருகாமல், பல் பலாக, முழுதாக இருந்தது. அடுத்த மரத்தில் ஓரம் கருகிய ஒரு இலையைத் தேடிக் காட்டினார். அங்கே சிவப்பு ஏறாமல் காப்பித் தூள் நிறத்தில் சுருண்டிருந்தது. அவ்வளவுதான் பாடம். முப்பத்து மூன்று வருடம் வகுப்பெடுத்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என் பங்குக்கு அந்தப் பாடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால். மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் ஆண்டு முழுவதும் இலைக்குள் இருக்கின்றன. பச்சை அவற்றை மூடியிருக்கும். பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் மரம் கடையைக் கட்டத் தொடங்குகிறது. பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. கிங்கோவின் பொன் நிறம் இப்படி வருவது.

சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்தது அல்ல. அந்தக் கடைசி நாட்களில் இலை புதிதாகத் தயாரிப்பது அது. அதற்குச் சர்க்கரை வேண்டும், வெயில் வேண்டும். பகலில் நல்ல வெயில் அடித்தால் இலை சர்க்கரை செய்கிறது. இரவில் குளிர்ந்தால் அந்தச் சர்க்கரை செலவழியாமல் தங்குகிறது. இதற்குள் காம்பின் அடியில் தக்கை போல ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி வழியை அடைக்கத் தொடங்குகிறது. சர்க்கரை இலையிலேயே சேர்கிறது. சிவப்பு பிறக்கிறது. ஒரே மரத்தில் வெயில் படும் இலை சிவந்தும், அதன் நிழலில் மறைந்த இலை மஞ்சளாகவும் இருப்பதை ஒமியாவில் என் கண்ணால் பார்த்தேன். இரவு வெப்பநிலை எட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் நிறம் மாறத் தொடங்கும் என்பது ஜப்பானில் புழங்கும் கணக்கு.

உதிரப்போகும் இலை எதற்காக மெனக்கெட்டுச் சிவப்பைத் தயாரிக்க வேண்டும்? இதில் அறிஞர்களிடையே இன்னும் வாக்குவாதம் உண்டு. சத்துகளைத் திருப்பி எடுக்கும் நாட்களில் வெயில் இலையைச் சேதப்படுத்தாமல் இருக்க இது ஒரு குடை என்கிறது ஒரு தரப்பு. ‘நான் வலுவாக இருக்கிறேன், இங்கே முட்டையிடாதே’ என்று பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கை என்று ஹாமில்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். எது சரியோ, ஒன்று மட்டும் உறுதி. இது செத்துப்போன இலையின் நிறமல்ல. கடைசி நாள் வரை வேலை பார்க்கும் இலையின் நிறம்.

சரி, தோட்டக்காரருக்கு இதில் என்ன வேலை? அவருடைய வேலை எல்லாம் கோடையில். போன்சாய்த் தொட்டி தட்டு போல ஆழமில்லாதது. ஜூலை, ஆகஸ்டில் தோக்கியோ பக்கத்தில் 35 டிகிரி அடிக்கும்போது அந்தக் கையளவு மண் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை தண்ணீர். மதிய வெயிலில் நிழல் வலை. காற்றில் இலையோடு இலை உரசிக் கிழியாமல் இடம் மாற்றி வைத்தல். வைகாசி, ஆனி வாக்கில், வலுவான மரங்களில் மட்டும், இலைகளைக் கத்தரித்துவிட்டு இரண்டாவது முறை துளிர்க்க வைப்பதும் உண்டு. அந்த இலைகள் சிறிதாகவும் புதிதாகவும் வரும். கார்த்திகை வரை பழுதில்லாமல் தாங்கும். கோடை முடிவில் தழைச்சத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்போதும் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் மரம் பச்சையை விடாது. செப்டம்பர் வந்ததும் வலையை எடுத்து முழு வெயிலில் வைப்பார்கள்.

ஜூலையில் ஒரே ஒரு மதியம் தண்ணீர் ஊற்ற மறந்தால், அதன் தழும்பு நவம்பரில் இலை ஓரத்தில் தெரியும். நடுவில் என்ன செய்தாலும் அதை மறைக்க முடியாது. அந்த முதியவர் இலை ஓரத்தைக் காட்டியதன் பொருள் இதுதான்.

இவ்வளவும் செய்தால் எத்தனை நாள் நிறம்? ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். பிறகு எல்லாம் உதிர்ந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் பெயர் பெற்ற போன்சாய்க் கண்காட்சியான கொகுஃபு, 1934இல் தொடங்கியது, தோக்கியோவின் உவெனோ பூங்காவில் இருக்கும் கலை அருங்காட்சியகத்தில் நடக்கிறது. எந்த மாதத்தில் தெரியுமா? பிப்ரவரியில். மேப்பிள் மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல், மொட்டைக் கிளைகளோடு நிற்கும் மாதம். கிளைகள் எப்படிப் பிரிகின்றன, நுனி எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது, வேர் எப்படி மண்ணைப் பற்றியிருக்கிறது என்பதையெல்லாம் அப்போதுதான் ஒளிவு மறைவு இல்லாமல் பார்க்க முடியும். சிவப்பு அவர்களுக்கு வருடத்தில் ஒரு திருநாள். மரத்தை எடை போடுவது திருநாள் முடிந்த பிறகு.

இனி நம்மூருக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

திருச்சியில் என் தெருவில் ஒரு நண்பர். அவர் மனைவிக்கு மூட்டு வலி. மாடிப்படிகூட ஏற முடியாது. நான் ஜப்பானில் எடுத்துவந்த படங்களைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ரொம்ப ஆசைப்பட்டார். நண்பர் என்னிடம் சொல்லாமலே, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இரண்டு மேப்பிள் கன்றுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி, மனைவியின் பிறந்தநாளுக்கு முன்வாசலில் வைத்துவிட்டார். எல்லா ஊரிலும் வளரும், குளிர்காலத்தில் சிவக்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. அந்த அம்மா தினமும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குவளையால் தண்ணீர் ஊற்றி, இலையைத் துடைத்து, குழந்தை போலப் பார்த்தார். மார்கழியில் இலை சிவக்கவில்லை, பச்சையாகவே தொங்கியது. பங்குனியில் ஓரங்கள் கருகின. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ஒன்று போய்விட்டது. அடுத்தது மறு வருடம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் அவர் என்னிடம், “அண்ணா, எனக்குக் கை ராசி இல்லை. முன்னெல்லாம் நான் வச்சா துவரைக்குச்சிகூடத் துளிர்க்கும். வயசானதும் கையும் போயிடுச்சு” என்றார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லம்மா, உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை. இந்த ஊருக்குக் குளிர் இல்லை, அவ்வளவுதான்” என்றேன். திருச்சியில் மார்கழி இரவும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும். மேப்பிளுக்கோ வருடத்தில் இரண்டு மூன்று மாதம் நல்ல குளிரில் உறங்கியாக வேண்டும். உறக்கம் இல்லாமல் ஒரு வருடம் தள்ளலாம், இரண்டு வருடம் தள்ளலாம். பிறகு துளிர் பலவீனமாகி மரம் ஓய்ந்துவிடும். அதன்மேல் நம் சித்திரை வெயில் வேறு. எவ்வளவு அன்பாகத் தண்ணீர் ஊற்றினாலும் தூக்கம் கொடுக்க முடியாது.

நம் வயதில், ஒரு செடி பட்டுப்போனால் அது செடியின் சாவோடு நிற்பதில்லை. ‘இதைக்கூட என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லையே’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. வெயில் ஊருக்கு மேப்பிளை அனுப்பும் வியாபாரி பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. தன் பொய்க்கான பழியையும் வாங்கியவர் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். நீல இலை மேப்பிள் விதை என்றுகூட விற்கிறார்கள். நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் ஒரு மரமே கிடையாது; அது கணினியில் பூசிய நிறம். கோடையிலும் செந்நிறமாகவே இருக்கும் மேப்பிள் வகைகள் உண்மையாகவே உண்டு. ஆனால் அவற்றுக்கும் குளிர்கால உறக்கம் வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று: ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன, தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் என்ன? ஐஸ் கட்டி அரை மணி நேரக் குளிர். மரத்துக்கு வேண்டியது வாரக் கணக்கில் நீளும் குளிர் இரவு, கூடவே பகல் வெயில். ஃபிரிட்ஜுக்குள் வெயில் ஏது? உறங்க வைத்து உயிரைக் காப்பாற்றலாம். சிவப்பைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத சிவப்புக்காக ஒரு உயிரைக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் படுக்க வைப்பது என்ன ரசனை?

இரண்டு: போன்சாயே கொடுமைதானே, வேரை வெட்டி, கம்பி சுற்றி வளர்ப்பவர்கள் பருவத்தைப் பற்றிப் பேசலாமா? நியாயமான கேள்வி. என் பதில், நன்றாகப் பார்த்துக்கொண்ட போன்சாய் காட்டில் இருக்கும் தன் இனத்தைவிடவும் நெடுநாள் வாழ முடியும் என்பது. 1976இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தது. அவற்றில் ஒரு வெண்பைன் 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டுவருவது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளில் அந்த ஊரிலேயே இருந்து பிழைத்த மரம் அது. இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. வேரைச் சுருக்கினார்கள், கிளையை வளைத்தார்கள். ஆனால் அதன் வெயிலையும் குளிரையும் யாரும் பிடுங்கவில்லை. மரம் வெட்டுக்காயத்தை ஆற்றிக்கொள்ளும். பருவத்தை அதனால் உண்டாக்கிக்கொள்ள முடியாது.

அப்படியானால் நமக்குச் சிவப்பே இல்லையா? நன்றாக இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

ஜப்பானியருக்கு மோமிஜி என்ற சொல், ‘இலை நிறம் மாறுதல்’ என்ற பழைய வினையிலிருந்து வந்தது. மரத்துக்குப் பெயரே அதன் விடைபெறும் நிறத்தை வைத்துத்தான். அதைக் காண மலைமலையாகப் போவதற்கு மோமிஜிகாரி, அதாவது செவ்விலை வேட்டை, என்று பெயர். நாமோ சிவந்த இலையை அதன் பிறப்பில் கண்டவர்கள். மாந்தளிர் மேனி என்று சொல்லாத பாட்டி உண்டா? மாமரம், வேம்பு, அரசு எல்லாம் துளிர்க்கும்போது செம்பு நிறத்தில் பளபளக்கின்றன. அந்தத் தளிர்ச் சிவப்பும் பெரும்பாலும் ஆந்தோசயனின்தான். மேப்பிள் கடைசியில் செய்வதை நம் மரங்கள் முதலிலேயே செய்கின்றன.

உதிரும் சிவப்பும் நம்மிடம் உண்டு. பள்ளிக்கூட மைதானத்து வாதுமை மரத்தை நினைத்துப் பாருங்கள். கொட்டையை உடைத்துத் தின்றோமே, அதேதான். அதற்குக் குளிர் வேண்டாம். இலை முதிர்ந்ததும் அடர் சிவப்பாகி, ஒவ்வொன்றாக விழும். அந்த உள்ளங்கை அகல இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒமியா சிவப்புக்குச் சற்றும் குறைந்ததில்லை.

தமிழில் இலை ‘பழுத்தது’ என்கிறோம். பழத்துக்கும் இலைக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் நாம். ‘பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம்’ என்று குருத்தோலைக்குத்தானே புத்தி சொன்னோம்? பழுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதை நம் மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

ஆகவே, வாட்ஸ்அப்பில் கேட்ட நால்வருக்கும் என் யோசனை. தொட்டி மரம் வேண்டும் என்றால் ஆல், அரசு, இத்தி, புளி இவற்றில் ஒன்றை, ஊரிலேயே நாற்று வளர்க்கும் நர்சரியில் நேரில் பார்த்து வாங்குங்கள். வெளியூர் மரம் என்றால் ‘அழகாக இருக்குமா’ என்று கேட்காதீர்கள். ‘இந்த ஊரில் இரண்டு கோடை தாண்டிய மரம் ஒன்றைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டினால் வாங்கலாம். படத்தைக் காட்டினால் வந்துவிடுங்கள். மேப்பிள் சிவப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால், பிள்ளைகள் குளிர் நாட்டில் இருந்தால் அந்தப் பருவத்தில் ஒருமுறை போய் வாருங்கள். மரத்தை நம் வெயிலுக்கு இழுத்து வருவதைவிட நாம் அதன் குளிருக்குப் போவது மரியாதை.

நண்பரின் மனைவி இப்போது ஒரு அரசங்கன்று வளர்க்கிறார். சமையலறை ஜன்னல் விளிம்பில் தானாக முளைத்ததைப் பெயர்த்து, தட்டையான மண் தொட்டியில் வைத்தது; காசு செலவில்லை. மாசியில் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் ஏழு இலை விட்டது. ஏழு என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்தான் எண்ணிப் போன் செய்து சொன்னார்.